படியில் உட்கார்ந்தால் கடல் தெரியும்

டிசம்பர் 2, திங்கள்

அரைப்பரீட்சை லீவுக்குக் கன்னியாகுமரி போகிறோம். நான், இவர், இவருடைய மகள் சுபிக்ஷா. கல்யாணமாகிப் பத்து மாதத்தில் மூன்று பேருமாகப் போகும் முதல் பயணம். எங்கே தங்குவது என்று நீயே பார்த்துவிடு என்றார் இவர். அதை வேறு யாரிடம் விடுவதாம்? மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற மனுஷனுக்கு லாட்ஜ் பார்க்கத் தெரியாது. எந்த அறைக்குள் போனாலும் முதலில் சுவிட்ச் போர்டைப் பார்ப்பார், அப்புறம்தான் கட்டிலைப் பார்ப்பார்.

நான் கோவில்பட்டி இ-சேவை மையத்தில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பிறப்பு, இறப்பு, சாதி, வருமானம் என்று ஊரில் பாதிப்பேரின் சங்கதி என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போய் வருகிறது. கடலோரத்தில் ஒரு அறை பிடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? புதன்கிழமைக்குள் முடித்துவிடுவேன்.

இன்று பன்னிரண்டு பேருக்கு ஆதாரில் முகவரி மாற்றினேன். பாண்டவர்மங்கலத்து அம்மா ஒருத்தி, மகன் வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருடமாகியும் பழைய விலாசத்தோடு அலைகிறாள். "மாத்தியிருக்கலாமேம்மா, பத்து நிமிஷ வேலை" என்று சத்தம் போட்டேன். இந்த வரியைக் கேட்காமல் என் கவுண்டரை விட்டு யாரும் எழுந்து போனதில்லை.

டிசம்பர் 4, புதன்

முடியவில்லை. என் மேல் தப்பில்லை, ஊர் மேல்தான் தப்பு. பரீட்சை லீவும் ஐயப்ப சாமிகள் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. பதினோரு இடத்துக்கு போன் போட்டேன். எல்லோரிடமும் ஒரே கேள்விகள். குழாயில் வருவது நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா, வெந்நீர் காலையில் எத்தனை மணிக்கு, கொசுவலை உண்டா, சூரிய உதயம் அறையிலிருந்தே தெரியுமா.

ஒருவன் "கடல் பார்த்த ரூம்" என்று விளம்பரம் போட்டிருந்தான். எந்த ஜன்னலில் தெரியும் என்று கேட்டேன். பாத்ரூம் ஜன்னலாம். அதுவும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினால். இன்னொருவன் மொட்டைமாடிக்குப் போனால் நன்றாகத் தெரியும் மேடம் என்றான். மொட்டைமாடிக்குப் போனால் எனக்குக் கோவில்பட்டியிலேயே கதிரேசன் மலை தெரிகிறது.

டிசம்பர் 5, வியாழன்

சுபிக்குச் சடை போட்டேன். இடதுசடை கோணலாக வந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 7, சனி

இவருடைய அக்கா கோமதி மதினி வந்திருந்தார். காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பிள்ளை ஒன்னைய என்னன்னு கூப்பிடுதா?"

"ஒண்ணும் கூப்பிடல மதினி."

"பத்து மாசமாவா? சித்தின்னு கூப்பிடுன்னு ஒரு அதட்டு அதட்ட வேண்டியதுதானே."

நான் அதட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பத்து வயதுப் பிள்ளை. அம்மா செத்து நாலு வருடம்தான் ஆகிறது. அவளுக்குப் பசித்தால் என் முன்னால் வந்து நின்று "பசிக்குது" என்பாள். நோட்டு வாங்க வேண்டுமென்றால் "நோட்டு முடிஞ்சிருச்சு" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்பதை மட்டும் வார்த்தையில் வைக்க மாட்டாள். வேலை நடந்துவிடுகிறது. வேறென்ன வேண்டும்? எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

மதினி போனபிறகு அலமாரியைத் துடைத்தேன். கண்ணாடிக்குள் ஒரு போட்டோ இருக்கிறது. பச்சை கேட் போட்ட ஒரு லாட்ஜ் வாசலில் இவர், ஐந்து வயது சுபி, அவள் அம்மா மீனலோசனி. கன்னியாகுமரி போனபோது எடுத்தது. மீனலோசனி நல்ல அழகு. சுபியின் ரெட்டைச்சடை அதில் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது.

அந்த லாட்ஜின் பெயரையும் போனில் தட்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பழைய கட்டடம். லிப்ட் கிடையாது, குழாய் ஒழுகுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரிப்படாது. குழாய்க்காகத்தான் சொல்கிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

சாப்பிடும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். "செண்பகம், ஒன் ஆதார் கார்டையும் மாத்திருவோமா? இன்னும் அந்த ஆளு பேருலயே கெடக்கு. அப்படியே ரிஜிஸ்டர் ஆபீஸ்லயும் ஒரு எட்டுப் போயி கல்யாணத்தப் பதிஞ்சிட்டு வந்திருவோம்."

சர்வர் சரியில்லை என்றேன்.

"போன மாசமும் சர்வர்தான் சரியில்லைன்ன."

"போன மாசமும் சரியில்லை, இந்த மாசமும் சரியில்லை."

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். கோபப்படத் தெரியாத மனுஷன். அதுதான் சில சமயம் எரிச்சலாக வருகிறது.

இங்கே எழுதி வைக்கிறேன். முதல் தடவை தாலி கட்டிய பத்தாம் நாளே கார்டை மாற்றினேன். அப்பா பெயரை எடுத்துவிட்டு ஜெயபிரகாஷ் என்ற பெயரை நானே டைப் அடித்தேன், சிரித்துக்கொண்டே. சாத்தூர் விலாசம். மூன்றாம் வருடம் கோர்ட்டில் நின்றேன். அது வேறு கதை. இப்போது மாற்றாததற்குக் காரணம் சர்வர்தான். தவிர, கார்டின் முன்பக்கத்தில் என் பெயரும் போட்டோவும் நம்பரும்தான். கணவர் பெயரும் விலாசமும் பின்பக்கம். பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

இன்று பதினைந்து பேருக்கு முகவரி மாற்றினேன்.

டிசம்பர் 12, வியாழன்

மூன்று இடங்கள் தேறியிருக்கின்றன. சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வைத்து இவருக்கு விளக்கினேன். ஒன்று புதிய ஹோட்டல், பால்கனி, நாலாவது மாடி, உதயம் கட்டிலிலிருந்தே தெரியும். இரண்டாவது ஊருக்கு வெளியே, தோப்புக்குள், அமைதி. மூன்றாவது ஒரு டிரஸ்ட் நடத்துகிற விடுதி, சுத்தம், ஆனால் எட்டு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். நான் புதிய ஹோட்டலுக்கு ஓட்டு போட்டுவிட்டுத்தான் விளக்கவே ஆரம்பித்தேன். இவர் எதுன்னாலும் சரி என்றார்.

சுபி கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"முன்னாடி போன லாட்ஜுல மாடிப்படியில உக்காந்தா கடல் தெரியும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். இந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு கேட்காமலே அவள் சொன்ன வாக்கியங்களில் இதுதான் நீளமானது.

"படியில உக்காந்து யாரு கடலப் பாப்பா?" என்றேன், சும்மா.

"நான் பாப்பேன்" என்றாள்.

டிசம்பர் 13, வெள்ளி

புதிய ஹோட்டலின் நாலாவது மாடி சரிவராது. பிள்ளை பால்கனியில் எட்டிப் பார்த்தால் யார் பொறுப்பு?

டிசம்பர் 14, சனி

பச்சை கேட் லாட்ஜையே போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம், கடற்கரை பக்கம், சாப்பாட்டுக்கடை எதிரிலேயே. லிப்ட் இல்லாவிட்டால் என்ன, எங்களுக்குக் கால் இல்லையா? குழாய் ஒழுகினால் இவர் கட்டிவிடுவார்.

போன் எடுத்த ஆள், "குடும்பத்துக்கு மட்டும்தாம்மா ரூம் குடுப்போம்" என்றார். குடும்பம்தான் என்றேன். "நல்ல தண்ணியா?" என்றேன். "தேன் மாதிரி இருக்கும்" என்றார்.

செத்துப்போன ஒருத்தி தங்கிய அறையில் தங்குவதற்குப் பயப்படுகிற ஆள் நான் இல்லை.

டிசம்பர் 18, புதன்

சுபியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ம்" என்றாள். பிறகு அவளாகவே போய் மாடியில் காய்ந்த துணியை எடுத்து வந்து மடித்தாள். என் சேலையையும் மடித்தாள். மூலை சேராமல்தான் மடித்திருந்தாள். நான் பிரித்து மறுபடி மடிக்கவில்லை.

டிசம்பர் 24, செவ்வாய்

பெட்டி கட்டியாகிவிட்டது. கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட், புளியோதரைக்கு எல்லாம் தயார், சுபிக்கு மாற்றுத்துணி நாலு. ரயில் டிக்கெட், மூன்று பேர் ஆதார் கார்டு, அதன் கலர் ஜெராக்ஸ், எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில். என் கவரைப் பார்த்து ரயில்வேக்காரர்களே கற்றுக்கொள்ள வேண்டும். எதையும் நான் மறந்ததில்லை.

டிசம்பர் 25, புதன். கன்னியாகுமரி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரயிலிலிருந்து இறங்கி லாட்ஜுக்கு வந்தபோது பதினோரு மணி. கேட் இப்போது பச்சை இல்லை, நீலம். கவுண்டரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். போனில் பேசிய குரல் அவருடையதுதான். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நம்ம ஃப்யூஸ் சாருல்லா! அன்னைக்கு நீங்க மட்டும் இல்லேன்னா லாட்ஜு பூராவும் மெழுகுவர்த்திதான்."

ஐந்து வருடத்துக்கு முன்னால் இங்கே கரண்ட் போனபோது இவர்தான் சரிசெய்து கொடுத்தாராம். போன இடத்திலும் அதே வேலை. என்னிடம் சொன்னதே இல்லை.

"பாப்பா நல்லா வளந்துட்டாளே. அம்மா எங்க? பின்னால வாராங்களா?"

"அவ தவறிட்டா அண்ணாச்சி. நாலு வருசமாச்சு. இது என் வீட்டுக்காரி" என்றார் இவர்.

மேனேஜர் உச்சுக்கொட்டினார். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நான் கவரைத் திறந்து மூன்று கார்டையும் வரிசையாக வைத்தேன். அவர் இவருடையதை எடுத்தார், முன்பக்கம் பார்த்தார், திருப்பினார். பின்பக்கம் பார்க்கிற ஆள். அடுத்து என்னுடையதை எடுத்துத் திருப்பினார்.

"இதுல கணவர் பேரு ஜெயபிரகாஷ்னுல்லா இருக்கு? சாத்தூரு. சார் பேரு தங்கமாரியப்பன், கோவில்பட்டி."

"அது பழைய கார்டு அண்ணாச்சி" என்றார் இவர்.

"கல்யாணச் சர்டிபிகேட் ஏதும் வச்சிருக்கீங்களா?"

"இன்னும் பதியல. கழுகுமலைல வச்சுத் தாலி கட்டினோம். போட்டோ இருக்கு, காட்டவா?"

"போட்டோவ வச்சு நான் என்ன சார் செய்ய? ஒங்களத் தெரியும், நல்ல மனுசன். ஆனா போன மாசம் ஒரு வில்லங்கம் ஆயிப்போச்சு. கார்டு ஒத்துப்போனாத்தான் ரூம்னு முதலாளி கண்டிப்பாச் சொல்லிட்டாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். கடுமையாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "மாத்தியிருக்கலாமேம்மா. இ-சேவையில குடுத்தா பத்து நிமிஷ வேலை."

ஒன்பது வருடமாக நான் மற்றவர்கள் தலையில் போட்ட வரி. அதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. பாண்டவர்மங்கலத்து அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு ஐயப்ப சாமிகள் வரிசையில் நின்றார்கள். எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். இவர் குரலை உயர்த்தினார். நான் கேட்டதே இல்லை அந்தக் குரலை. "நான் சொல்லுதேம்லா அண்ணாச்சி, என் பொஞ்சாதின்னு!" நான் அவர் கையைப் பிடித்தேன். வெட்கமாக இருந்தது. சுபியுடைய அம்மாவை ஞாபகம் வைத்திருக்கிற ஒரு மனிதருக்கு முன்னால், அந்தப் பிள்ளைக்கு முன்னால், நான் யார் என்று காட்ட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. இல்லாமல் போனதற்குச் சர்வர் காரணமில்லை. நான்தான் காரணம். இந்த வீடும் மூன்றாம் வருடம் என்னை வெளியே அனுப்பிவிட்டால் மறுபடி ஒரு பெயரை அழிக்க வேண்டுமே என்று பயந்துகொண்டு இருந்தேன்.

வேறு இடம் பார்க்கலாம் என்று கார்டுகளை எடுக்கப் போனேன். பெட்டி மேல் உட்கார்ந்திருந்த சுபி எழுந்து வந்தாள். கவுண்டர் அவள் கழுத்து உயரம்.

"இவங்க எங்க வீட்டு ஆளு" என்றாள்.

மேனேஜர் குனிந்தார். "சித்தியா பாப்பா?"

"இல்ல."

நான் என் கார்டை எடுத்துக் கவருக்குள் செருகினேன்.

"செண்பகம்" என்றாள் சுபி. "எனக்கு தெனமும் இவங்கதான் சடை போடுவாங்க. இந்தா பாருங்க, லெஃப்ட் சைடு கோணலா இருக்கா? எப்பவும் இப்படித்தான் போடுவாங்க."

திரும்பி நின்று பின்னந்தலையைக் காட்டினாள். இரண்டு சடையையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு காட்டினாள். மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். வரிசையில் நின்ற ஒரு சாமியும் எட்டிப் பார்த்தார்.

"ஆமா சாமி, கோணலாத்தான் இருக்கு" என்றார் அவர்.

மேனேஜர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு ரெஜிஸ்டரை இழுத்துத் திறந்தார். "ஒரு நாளு கூத்துக்கு வந்தவ எவளும் பிள்ளைக்கு உக்காந்து சடை போட மாட்டா. முதலாளி கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். கவுண்டரில் வேலை பார்ப்பவளுக்குத் தலைகீழ் எழுத்து வாசிக்க வரும். "குடும்பம், 3 பேர்" என்று எழுதினார்.

அறைக்கு வந்ததும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வாய்க்குள் போன தண்ணீர் உப்பு. தேன் மாதிரி இருக்கும் என்றாரே அந்த மனுஷன்!

டிசம்பர் 26, வியாழன்

காலை ஆறு மணிக்கே சுபி எழுப்பிவிட்டாள். இவர் குறட்டை. நானும் அவளும் சீப்பை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனோம். அவள் நேராக மூன்றாவது படியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் எதிரே ஒரு புதுக் கட்டடமும் அதன் மேல் கறுப்புத் தண்ணீர்த்தொட்டியும்தான் தெரிந்தன.

அவள் முகம் விழுந்துவிட்டது. "இங்கதான் தெரிஞ்சுச்சு" என்றாள்.

நானா விடுவேன்? ஒவ்வொரு படியாக உட்கார்ந்து பார்த்தேன். ஆறாவது படியில் தொட்டி மட்டும். எட்டாவது படியில் சுவரோரமாக ஒட்டி உட்கார்ந்து தலையைச் சாய்த்தால், தொட்டிக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் கடல். "ஏய், இங்க வா" என்றேன். ஓடிவந்தாள். இரண்டு பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த ஒரு சாணில்தான் சூரியன் வந்தது. கட்டிலிலிருந்தே உதயம் பார்க்கிறவர்களை நினைத்துக்கொண்டேன். பாவம் அவர்கள்.

சடை போட ஆரம்பித்தேன்.

"அம்மாவும் இந்தப் படியிலதான் போட்டாங்க" என்றாள். "இழுத்து இழுத்துப் போடுவாங்க. வலிக்கும். நான் கத்துவேன்."

"அதான் நான் இழுக்காமப் போடுதேன்."

"அதனாலதான் கோணலா வருது. லூசா இருந்தா அப்படித்தான் போகும்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "இழுத்துப் போடுங்க. கத்த மாட்டேன்."

இத்தனை மாதமாக எனக்குச் சடை போடத் தெரியாது என்று நினைத்திருந்தேன். தெரியாமல் இல்லை. வலித்தால் என்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்று கையே இறங்கவில்லை, அவ்வளவுதான். இன்று இழுத்துப் போட்டேன். கத்தினாள். கத்த மாட்டேன் என்றவள் லாட்ஜ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். இவர் பதறிப்போய் வெளியே ஓடி வந்தார்.

சடை நேராக வந்தது.

டிசம்பர் 27, வெள்ளி

கடற்கரை, சங்குமாலை, படகு, வெயில். சுபிக்குக் கால் வலி, இவருக்கு முதுகு வலி. எனக்கு ஒன்றும் இல்லை. ஒழுகுகிற குழாயை இவர் கட்டிவிட்டார். கிளம்பும்போது மேனேஜர் எங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். "அடுத்த தடவை வாறப்ப கார்டு சரியா இருக்கணும்மா" என்றார். "தண்ணியும் சரியா இருக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

டிசம்பர் 29, ஞாயிறு. கோவில்பட்டி

இன்று மையத்துக்கு லீவு. சாவி என்னிடம்தான் இருக்கிறது. சுபியைக் கூட்டிக்கொண்டு போய்த் திறந்தேன். நாளை ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போக இவர் லீவு சொல்லிவிட்டார். அதற்கு முன்னால் என் கார்டு.

ஜெயபிரகாஷ் என்ற பெயர் திரையில் வந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். நினைத்த அளவுக்கு ஒன்றும் இல்லை. தங்கமாரியப்பன் என்று அடித்துவிட்டு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். சுபி என் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, வந்த ஓ.டி.பி. எண்ணை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தாள். பிறகு திரையை எட்டிப் பார்த்தாள்.

"இதுல என் பேரு வருமா?"

"வராது. கார்டுல பிள்ளைங்க பேரு போட மாட்டாங்க."

"அப்ப அட்ரஸ்?"

"நம்ம வீட்டு அட்ரஸ் வரும்."

அவள் என் கார்டைப் பிடித்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். சாத்தூர் விலாசத்தை ஒரு விரலால் மறைத்துக்கொண்டாள்.

"செண்பகம், அது போதும்" என்றாள். "சீக்கிரம் அமுக்குங்க, பசிக்குது."

அமுக்கினேன். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.